மொட்டைமாடிக்கு வந்த எம்.எல்.ஏ.

எங்கள் அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் எட்டு மாதமாக ஒரு எம்.எல்.ஏ. தங்கியிருக்கிறார். அசோசியேஷனுக்குத் தெரியாது. பார்சல் வந்த அன்று வாட்ச்மேன் அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு, "சார், எம்.எல்.ஏ. முப்பதுன்னு போட்டிருக்கு, எந்தத் தொகுதி?" என்றார். மேக்னெடிக் லூப் ஆன்டெனா என்பதைச் சுருக்கி இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். முழுப்பெயர் எம்.எல்.ஏ-30 ப்ளஸ். சிற்றலை வானொலி கேட்பவர்கள் மத்தியில் கொஞ்ச காலமாகப் பேச்சு அடிபடுகிற பொருள். 500 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை வாங்கும் என்று விளம்பரம் சொல்கிறது. எனக்குக் கைக்கு வந்து சேர்ந்தபோது 3,400 ரூபாய் ஆகியிருந்தது.

அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். டெலிபோன் இலாகாவில் லைன்மேனாகச் சேர்ந்து, 2020 ஜனவரி 31 அன்று வி.ஆர்.எஸ். வாங்கி மொத்தமாக வெளியே வந்த கூட்டத்தில் நானும் ஒருவன். வாழ்நாளெல்லாம் கம்பத்தில் ஏறி ஊருக்கு ஒயர் இழுத்தவன், சொந்த வீட்டு மாடியில் ஒரு ஒயர் கட்ட முடியவில்லை. உறையூரில் இந்த ஃப்ளாட்டுக்கு வந்த புதிதில், தண்ணீர்த் தொட்டியிலிருந்து லிஃப்ட் அறை வரைக்கும் இருபது மீட்டர் செப்புக்கம்பியை இரண்டு பக்கமும் பீங்கான் இன்சுலேட்டர் வைத்து, தொய்வில்லாமல், பார்க்கிறவன் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி கட்டினேன். மூன்றாம் நாள் நோட்டீஸ் போர்டில் என் பெயர். கட்டடத்தின் அழகு கெடுகிறதாம், இடி விழுமாம், கதிர்வீச்சு வருமாம். "சார், இது வாங்குற கம்பி, குடுக்குற கம்பி இல்லை" என்று செக்ரட்டரி சாரிடம் மன்றாடிப் பார்த்தேன். அவர் செல்போன் டவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அவிழ்த்துச் சுருட்டி லாஃப்டில் போட்டேன்.

என் அப்பா காலத்தில் ஏரியல் என்பது பெருமைக்குரிய சங்கதி. ஓட்டுக்கூரைக்குக் குறுக்கே செப்பு வலைப்பட்டை ஒன்று ஓடினால் அந்த வீட்டில் ரேடியோ இருக்கிறது, போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் பணம் கட்டுகிற வீடு என்று அர்த்தம். பகலெல்லாம் இலங்கை வானொலி, இரவு ஒன்பதே காலுக்கு பி.பி.சி. தமிழோசை. 1941-இல் தொடங்கிய தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றுபோனது. அன்றைக்கு நான் டியூட்டியில் இருந்தேன். எக்ஸ்சேஞ்ச் பேட்டரி அறைக்குப் பக்கத்தில் நின்று கையடக்க ரேடியோவில் கேட்டது ஞாபகம் இருக்கிறது. இன்னும் சிற்றலையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. மீன் கிடைக்கிறதா என்பது தூண்டில் போடுகிறவனுக்குத் தெரியும்.

ஃப்ளாட்டுக்குள் உட்கார்ந்து கேட்பதென்பது நடக்காத காரியம். என்னிடம் இருப்பது டெக்சன் பி.எல்-660. நல்ல செட். அதன் குச்சி ஆன்டெனாவை முழுக்க இழுத்து ஜன்னலோரம் வைத்தால் சிற்றலையின் ஒரு பகுதியான 31 மீட்டர் பேண்டில் ஒரே எண்ணெய்ச்சட்டிச் சத்தம். எல்.இ.டி. பல்புக்குள் இருக்கிற டிரைவர், டி.வி. அடாப்டர், செல் சார்ஜர், வாஷிங் மெஷின், லிஃப்டின் மோட்டார் கன்ட்ரோல் எல்லாம் கரண்டை வெட்டி வெட்டி அனுப்புகிற சாதனங்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர். ஜன்னல் கிரில்லில் கிளிப் மாட்டிப் பார்த்தேன், சத்தம் இன்னும் கூடியது. இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. டெலிபோன் லைனில் குரல் கேட்கவில்லை என்று புகார் வந்தால் நாங்கள் குரலைக் கூட்ட மாட்டோம், இரைச்சல் எந்த ஜாயின்ட்டில் நுழைகிறது என்று தேடுவோம். ரேடியோவுக்கும் அதே வைத்தியம்தான். ஃப்ளாட்டில் இருப்பவனுக்குப் பெரிய ஆன்டெனா தேவையில்லை, இரைச்சலுக்குக் காது கொடுக்காத ஆன்டெனா வேண்டும். எம்.எல்.ஏ.வை வாங்கியது அந்த நம்பிக்கையில்.

பெட்டிக்குள் பெரிதாக ஒன்றுமில்லை. வளையமாக வளைக்க ஒரு ஸ்டீல் கம்பி, அதன் இரண்டு முனையும் வந்து சேர்கிற சின்ன ஆம்ப்ளிஃபையர் டப்பா, 10 மீட்டர் மெல்லிய கேபிள், கீழே ரேடியோ பக்கத்தில் வைக்க இன்னொரு டப்பா. இந்த இரண்டாவது டப்பாவுக்கு யு.எஸ்.பி. வழியாக 5 வோல்ட் கொடுத்தால், அது அதே கேபிளில் மேலே ஏறி ஆம்ப்ளிஃபையருக்குப் போகும், சிக்னல் அதே கேபிளில் கீழே இறங்கும். டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து பேச்சும் கரண்டும் ஒரே ஜோடி ஒயரில் போகிற மாதிரிதான், எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கம்பியை வளைத்தால் குறுக்களவு மூன்று சாண் இருக்கும். கேபிள் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. உள்வீட்டுக்குச் சரி, வெயிலில் கிடக்கிற தோல் இல்லை அது.

ஒளித்து வைக்கும் கலைக்கு வருகிறேன். யாரும் பார்க்காத இடத்தில் வைப்பதைவிட, பார்த்தாலும் வேறொன்றாக நினைக்கிற மாதிரி வைப்பதுதான் சுலபம். எங்கள் கைப்பிடிச்சுவரில் நாலைந்து டிஷ் ஆன்டெனாக்கள் அநாதையாக நிற்கின்றன. சந்தாவை நிறுத்திவிட்டு மொபைலில் பார்க்கிறவர்கள் அவற்றைக் கழற்றவில்லை. அதில் ஒன்று என்னுடையது. அதன் முதுகில், கம்பத்தோடு சேர்த்து, அரை அங்குல பி.வி.சி. குழாய்த்துண்டை கிளாம்ப் போட்டு நிறுத்தி வளையத்தை அதில் கட்டினேன். ஸ்டீல் கம்பி வெயிலில் பளபளக்கக் கூடாதென்று சாம்பல் நிற பெயின்ட் ஒரு கோட். தெருவிலிருந்து பார்த்தால் டிஷ்ஷின் ஏதோ ஒரு உறுப்பு. மாடியிலிருந்து மூன்றாம் தளத்துக்கு 10 மீட்டர் எட்டவில்லை என்பதால், கூட வந்த கேபிள் முடிகிற இடத்தில் கனெக்டர் வைத்து, கேபிள் டி.வி.க்காரர்கள் போடுகிற ஆர்.ஜி-6 ஒயரில் மீதியை இறக்கினேன். இது 75 ஓம், அது 50 ஓம் என்று புத்தகம் படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். வெறுமனே கேட்பதற்கு அந்த வித்தியாசம் காதில் விழாது. அதைவிட முக்கியம், சுவரில் இறங்குகிற கறுப்பு ஆர்.ஜி-6-ஐப் பார்த்து இந்த ஊரில் எவரும் எதுவும் கேட்பதில்லை. டிஷ் கேபிள் என்றால் அது சுவரின் நரம்பு மாதிரி.

முதல் நாள் ராத்திரி ஏமாற்றம்தான். சத்தம் கூடியிருந்தது, ஸ்டேஷனும் கூடியிருந்தது, லிஃப்ட் ஓடும்போதெல்லாம் டர்ர்ரென்று ஒரு கோடாலி விழுந்தது. மறுநாள் மாடிக்குப் போய் வளையத்தைத் திருப்பினேன். இந்த வளையத்துக்கு ஒரு குணம் உண்டு. அது முகம் கொடுக்கிற திசையில் செவிடு. விளிம்பு காட்டுகிற திசையில்தான் அதற்குக் காது. யாரோடு பேசப் பிடிக்கவில்லையோ அவரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளைப் போல. ஆகவே வளையத்தின் முகத்தை நேராக லிஃப்ட் அறைப் பக்கம் திருப்பினேன். கீழே பேரன் ரேடியோவைப் போனில் கேட்க வைத்துக்கொண்டிருந்தான். "தாத்தா, போச்சு போச்சு, சத்தம் போச்சு!" என்றான். லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்திலிருந்து தரையோடு வருகிற இரைச்சல் இப்படி அமுங்கும், வானத்தில் எகிறி மேலிருந்து இறங்குகிற சிற்றலைக்கு அந்தச் செவிட்டுத்தனம் அவ்வளவாகப் பொருந்தாது. இந்த ஒரு சமாச்சாரத்துக்கே பாதிப் பணம் செரித்துவிட்டது.

மீதிப் பாதிக்கு நான் வேலை செய்ய வேண்டியிருந்தது. 5 வோல்ட்டை எங்கிருந்து கொடுப்பது? செல் சார்ஜரில் சொருகினால் சார்ஜரின் இரைச்சல் கேபிள் வழியாகவே உள்ளே வருகிறது. வாசலில் காவல் போட்டுவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து வைத்த கதை. பவர் பேங்க் வைத்தேன். ஆம்ப்ளிஃபையர் இழுக்கிற கரண்டு அதற்குப் போதவில்லை, யாரும் இல்லை என்று நினைத்து சில நிமிஷத்தில் தானே அணைந்துவிடுகிறது. கடைசியில், பழைய கார்ட்லெஸ் போனோடு வந்த, கையில் தூக்கினால் கனக்கிற இரும்புக்கட்டை டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் ஒன்றைத் தேடி எடுத்து, 7805 என்ற மூன்றுகால் ஐ.சி.யும் இரண்டு கண்டென்சரும் சேர்த்து 5 வோல்ட் செய்துகொண்டேன். அத்தோடு, தூக்கிப்போட்ட மானிட்டர் கேபிளிலிருந்து அறுத்த ஃபெரைட் குமிழுக்குள் ஆன்டெனா கேபிளை முடிந்தவரை சுற்றி நுழைத்தேன். கேபிளின் மேல்தோலில் ஏறி வருகிற இரைச்சலை அது அங்கேயே கழுத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இந்த இரண்டும் செய்யாமல் இந்த ஆன்டெனா மோசம் என்று சொல்கிறவர்கள் பேச்சை நான் எடுத்துக்கொள்வதில்லை.

திருச்சிக்காரர்களுக்கு மட்டுமான ஒரு தலைவலி உண்டு. 936 கிலோஹெர்ட்ஸ். எங்கள் ஊர் வானொலியின் மத்திய அலை. 1939-லிருந்து பேசிக்கொண்டிருக்கிற நிலையம், மரியாதையோடுதான் சொல்கிறேன், ஆனால் உறையூரில் அது தண்ணீர்க்குழாயிலும் கேட்கும். எம்.எல்.ஏ.வின் ஆம்ப்ளிஃபையரில் மத்திய அலையைத் தடுக்க வடிகட்டி ஏதும் இல்லை. எனவே 936 உள்ளே புகுந்து ஆம்ப்ளிஃபையரைத் திணறடித்து, 60 மீட்டர் பேண்டில் வேளாண் அறிவிப்பு கேட்டது. கீழே ஃபில்டர் போட்டுப் பயனில்லை, திணறல் மேலேயே நடந்து முடிந்துவிடுகிறது. வளையத்தின் முகத்தை 936 பக்கம் திருப்பலாம் என்றால் லிஃப்ட் திரும்பி வந்துவிடும். ஒரு முகம்தானே இருக்கிறது. கடைசியில் கம்பியை வெட்டி வளையத்தை இரண்டு சாணாகச் சுருக்கினேன். மத்திய அலையின் பலம் இறங்கியது, சிற்றலையில் இழப்பு கொஞ்சம்தான். பி.எல்-660-இன் பக்கவாட்டில் இருக்கிற, சிக்னலை எவ்வளவு உள்ளே விடுவது என்று தீர்மானிக்கிற டி.எக்ஸ், நார்மல், லோக்கல் சுவிட்சை நார்மலில் வைத்தால் மிச்சமும் தணிகிறது. ஒலிபரப்புக் கோபுரம் இல்லாத ஊர்க்காரர்கள் கம்பியை வெட்ட வேண்டாம்.

எட்டு மாதம் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எடைக்கல் வேண்டுமே. பாட்டோ செய்தியோ வைத்து ஒப்பிட முடியாது, நாளுக்கு நாள் மாறும். நான் வைத்துக்கொண்டது விமானங்களுக்கான வானிலை அறிவிப்பு, வால்மெட். 6676 கிலோஹெர்ட்ஸ், அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புகிற எஸ்.எஸ்.பி. முறை, ரேடியோவை அதில் மேல்பட்டையில் வைக்க வேண்டும். மணி அடித்து 5-ஆம் நிமிஷமும் 35-ஆம் நிமிஷமும் கொல்கத்தா, 25-லும் 55-லும் மும்பை. ஒரே நிலையம், அதே மாதிரி வாசகம், நாள் தவறாமல். குச்சி ஆன்டெனாவில் இரண்டும் இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடந்தன. எம்.எல்.ஏ.வில் ராத்திரி எட்டு மணிக்கு மும்பையின் காற்று வேகத்தை எழுதி வைத்துக்கொள்ளலாம். 10 மெகாஹெர்ட்ஸில் சீனாவின் பி.பி.எம். நேரக்கடிகாரம் டிக் டிக்கென்று விழுகிறது. கொல்கத்தாவைச் சில நாள் விட்டுவிடுகிறேன், அது வானத்தின் குற்றம்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு துரோகத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாடியில் எனக்கு இன்னொரு ஆன்டெனா இருக்கிறது. துணி காயப்போடும் கொடி.

பச்சை நைலான் கயிறு கட்டிய கொடிகள் நாலு வரிசை உண்டு. ஓரத்து வரிசையில், கயிற்றோடு சேர்த்து முறுக்கி, பச்சை பி.வி.சி. உறை போட்ட ஒற்றை இழை ஒயர் 12 மீட்டர் ஓடுகிறது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கிற இலாகா டிராப் ஒயர் இருந்தால் இன்னும் உறுதி. இணைப்பு வெட்டிய வீடுகளின் டிராப் ஒயர்கள் தெருவெங்கும் செத்துத் தொங்குகின்றன, ஒன்றை இழுத்துக்கொண்டால் கேட்க ஆளில்லை. ஆனால் அது இலாகா சொத்து, எனக்குக் கை வராது. காசு கொடுத்துக் கடையில் வாங்கினேன். தொட்டிச்சுவரை ஒட்டியுள்ள முனையில் சோப்பு டப்பா ஒன்று. அதற்குள் ஃபெரைட் வளையத்தில் மூன்று ஒயரைச் சேர்த்து முறுக்கி ஒன்பது சுற்று சுற்றிய 9:1 டிரான்ஸ்ஃபார்மர். நீண்ட ஒயரின் உயர்ந்த இம்பீடன்ஸை, அதாவது சிக்னலுக்கு அது காட்டுகிற தடையை, கேபிளின் அளவுக்கு இறக்குவது அதன் வேலை. எர்த்துக்குக் கட்டடத்து எர்த்தைத் தொடவே கூடாது, லிஃப்டின் அழுக்கெல்லாம் அதில்தான் ஓடுகிறது. 6 மீட்டர் ஒயர் ஒன்றைக் கைப்பிடிச்சுவர் அடியில் சும்மா கிடத்தினேன். மொத்தச் செலவு 300 ரூபாயைத் தாண்டவில்லை.

கட்டிய வாரத்தில் இரண்டாம் தளத்து அம்மா துணிக்கூடையோடு வந்து, "அண்ணே, இது புதுக்கொடியா?" என்றார். ஆமாம்மா என்றேன். பொய்யில்லை. அன்றிலிருந்து அதில் சட்டை, பாவாடை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் காய்கிறது. ஒயருக்கு உறை இருப்பதால் ஈரத்துணி பட்டாலும் சிக்னலுக்குப் பெரிய சேதமில்லை.

எது மேல்? சாயங்கால வேளைகளில், எல்லா வீட்டிலும் விளக்கும் டி.வி.யும் ஓடும்போது, எம்.எல்.ஏ. தெளிவாக ஜெயிக்கிறது. கொடியில் ஸ்டேஷன் பலமாக வரும், ஆனால் இரைச்சல் அதைவிடப் பலமாக வரும். மாதம் ஒரு நாள் நிலைமை தலைகீழாகும். மின்வாரியத்தின் பராமரிப்பு ஷட்டவுன். காலையில் கரண்டு போனால் சாயங்காலம்தான் வரும். மனைவி முந்தின நாளே மாவு அரைத்து வைப்பாள், நான் பேட்டரி சார்ஜ் போட்டு வைப்பேன். காலண்டரில் சிவப்பு வட்டம் போடுவது நான்தான். கரண்டு போன அந்தக் கணத்தில் பேண்டே கழுவி விட்ட மாதிரி ஆகும். அப்போது கொடியைச் சொருகினால், 19 மீட்டரிலும் 16 மீட்டரிலும் பகல் பதினோரு மணிக்கு எம்.எல்.ஏ.வில் இருப்பதாகவே தெரியாத மெல்லிய குரல்கள் எழுந்து வருகின்றன. எந்த மொழி என்றுகூடப் புரியாது, கேட்டுக்கொண்டே இருக்கலாம். இந்தச் சுகம் எப்போதும் முழுசாக வாய்ப்பதில்லை. எதிர் ஃப்ளாட்டில் பழைய சதுர அலை இன்வெர்ட்டர் ஒன்று உண்டு. அது உயிர் பெற்றால் ஊர் அமைதியாக இருக்க அது மட்டும் தவளை மாதிரி கத்தும். அவர் வீட்டில் ஃபேனை நிறுத்தச் சொல்கிற அளவுக்கு நான் இன்னும் முற்றவில்லை.

மழைக்கும் இடிக்கும் ஒரு வார்த்தை. ஐப்பசி மழையில் எம்.எல்.ஏ. நனைந்தது, ஒன்றும் ஆகவில்லை. கனெக்டர் ஜாயின்ட்டில்தான் தண்ணீர் ஏறிவிட்டது. அவசரத்தில் வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றியது என் தப்பு. இப்போது எம்-சீல் வைத்து அடைத்து, கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டிருக்கிறேன், சொட்டு அங்கேயே விழுந்துவிடும். கொடிக்கு, எக்ஸ்சேஞ்சில் லைனுக்கு லைன் போடுகிற, எகிறி வருகிற வோல்டேஜைத் திருப்பிவிடும் வாயுக்குழாயான ஜி.டி. ட்யூப் ஒன்றைப் பழைய இரும்புக்கடையில் வாங்கிப் போட்டேன். தூரத்து மின்னலின் தூண்டலுக்கு அது போதும். நேரே விழுகிற இடிக்கு எந்த ட்யூபும் போதாது, மேகம் கறுத்தால் இரண்டு பின்னையும் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். மின்கம்பி போகிற பக்கம் எந்த ஒயரையும், அறுந்தாலும் எட்டாத தூரத்தில்கூட, கட்டாதீர்கள். இப்படிக் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சொந்த வீடு, தோட்டம், தென்னை மரம் இருக்கிறதென்றால் இந்தப் பணத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு மரத்துக்கு நடுவில் ஒயர் கட்டுங்கள். வாடகை வீட்டுக்காரர்கள் ஆன்டெனா ரீல் ஒன்று வாங்கி, ராத்திரி பால்கனியிலிருந்து இறக்கிக் காலையில் சுருட்டிக்கொள்ளலாம். என்னைப் போல ஐம்பது ஃப்ளாட்டுக்கு நடுவே, நோட்டீஸ் போர்டுக்குப் பயந்து, கையில் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு எம்.எல்.ஏ. பொருந்தும். பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டிக் கேட்கலாம் என்று நினைப்பவருக்கு ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண் பொருள். என் கையில் இப்போது அது நாலு.

நேற்று யாரோ ஓரக்கொடியில் ஈர ஜமக்காளத்தைப் போட்டுவிட்டார்கள். ஒயர் வில்லாக வளைந்து கைப்பிடிச்சுவரில் உரசுகிறது. எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஜமக்காளம் காய்கிறவரை எம்.எல்.ஏ.தான்.